ஆத்துக்கு இன்னைக்கு என்ன கலரு?

அன்றைக்கு நான் வுப்பர்டாலுக்குக் கிளம்பவில்லை. ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குத்தான் கிளம்பினேன். 2017 கோடை, ஞாயிற்றுக்கிழமை. மொன்ஷென்கிளாட்பாக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன், "தம்பி, தேருக்கு வாரும், சனம் ஆயிரக்கணக்கில வரும், சாப்பாட்டுக்கும் குறையில்ல" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு என்றதும் நான் ஒப்புக்கொண்டேன். அம்மா பெட்டியின் அடியில் மடித்து வைத்துவிட்டிருந்த வேட்டியை முதல் தடவையாக எடுத்துக் கட்டினேன். சிவப்புக் கரை போட்ட பருத்தி வேட்டி, ஈரோட்டில் எடுத்தது. மேலே ஜாக்கெட், காலில் ஷூ. கண்ணாடியில் பார்த்தபோது எங்கள் ஊர் வார்டு கவுன்சிலர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பியது போல இருந்தது.

டூசல்டார்ஃப் தாண்டி வுப்பர்டால் வந்ததும் ரயில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் சொன்ன நாலு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தவை இரண்டு: வழியில் மரம் விழுந்திருக்கிறது, எல்லோரும் இறங்கிக்கொள்ளுங்கள். இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஊரின் முகப்பையே பெயர்த்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. கம்பித் தடுப்பு, மண்மேடு, ஞாயிறாகையால் அசையாமல் நின்ற கிரேன்கள். அடுத்த ரயில் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெர்மனிக்கு வந்து பார்த்த ஊர்களிலேயே இதுதான் அழகில்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது தலைக்கு மேலே ஒரு ரயில் தொங்கிக்கொண்டு போனது.

படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறபோது அது வேறு. தண்டவாளம் மேலே, வண்டி கீழே. ஆற்றின் இரண்டு கரையிலும் காலை அகட்டி ஊன்றிய இரும்புச் சட்டங்கள் கண்ணுக்கெட்டிய வரை வரிசையாகப் போகின்றன. அவற்றின் நடுவில் பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு வருகிறது. பெயர் ஷ்வேபபான். 1901 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. அதற்கு முந்தைய அக்டோபரில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மனைவியோடு ஏறி வெள்ளோட்டம் பார்த்திருக்கிறார். மொத்தம் 13.3 கிலோமீட்டர், 20 ஸ்டேஷன், அதில் பத்துக் கிலோமீட்டர் ஆற்றுக்கு மேலேயே. வேடிக்கைக்காகக் கட்டியதில்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அதில் வுப்பர் ஆறு, ஆற்றை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நெசவாலைகளும் சாயப்பட்டறைகளும். தரையில் இன்னொரு பாதை போட இடமில்லை, கீழே பாறை. மிச்சம் இருந்தது ஆற்றுக்கு மேலே இருந்த காற்றுதான். கொலோன் நகரத்து எஞ்சினியர் ஆய்கன் லாங்கன் இந்த முறையை உருவாக்கினார். ஓடியதைப் பார்க்க அவர் இல்லை, 1895-லேயே போய்விட்டார்.

என் செமஸ்டர் டிக்கெட் அதற்கும் செல்லும் என்று தெரிந்ததும் ஏறிவிட்டேன். தேர் எங்கே போய்விடப்போகிறது?

கடைசி சீட்

இந்த ரயிலில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு முனையிலும் வண்டி வளைந்து திரும்பிக்கொள்வதால் டிரைவர் எப்போதும் முன்னால்தான். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதை ஒட்டி சீட். அங்கே உட்கார்ந்தால் ஆறு நம் காலடியிலிருந்து புறப்பட்டுப் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயும்போது வயிற்றில் லேசாக ஒரு குறுகுறுப்பு. எனக்கு முன்பே குழந்தைகள் இடம் பிடித்திருந்தார்கள். அவர்கள் இறங்கியதும் உட்கார்ந்தேன். எதிரே ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். குட்டையான உருவம், பஞ்சு முடி, மடியில் துணிப்பை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. திருப்பூரில் ஆளை விசாரிப்பதற்கு முன்னால் அவன் டீ-சர்ட்டின் கழுத்துத் தையலை விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அப்பா அந்த ரகம். ஒரு நிமிஷம் கழித்துப் பாட்டி, "பருத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "தொட்டுப் பார்க்கலாமா?" ஒன்பது மாதத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில்கூட யாரும் உட்கார யோசித்த நாட்டில், முன்பின் தெரியாத ஒருவர் என் வேட்டிக் கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். நூலின் முறுக்கை எண்ணுகிறாரோ என்று தோன்றியது. பிறகு கேட்டார்: "துவைத்தால் சாயம் இறங்குமா?"

முதல் இரண்டு தடவை கொஞ்சம் இறங்கும் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார், நான் பொய் சொல்லவில்லை என்பதற்காக இருக்கலாம்.

பார்மனில் (இன்றைக்கு வுப்பர்டாலின் ஒரு பகுதி) நாற்பது வருஷம் ரிப்பன் நெய்தவர் அவர். ஷூ நாடா, தொப்பிப் பட்டை, லேஸ், சட்டைக் கழுத்தில் தைக்கிற பிராண்ட் லேபிள், இப்படி ஒடுங்கிய துணி எதுவானாலும் ஒரு காலத்தில் பார்மன் சரக்கு என்றே உலகம் முழுக்கப் பேர். அவருடைய அப்பா சாயப்பட்டறைக்காரர். என் அப்பாவும் அதே வேலைதான் என்று நான் சொன்னதும் பாட்டி சீட்டிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு பேச்சில் வேகம் கூடியது. என் பி-1 நிலை ஜெர்மன் பாதி வழியில் மூச்சு வாங்கியது. (அவரை இங்கே பாட்டி என்று எழுதுகிறேனே தவிர நேரில் அப்படிக் கூப்பிட வழியில்லை. "ஃப்ராவ்" போட்டுக் குடும்பப் பெயர்தான். தெரியாத்தனமாக ஒருமுறை "ஓமா" என்று சொல்லப்போய், "நான் உன் ஓமா இல்லையே" என்று சிரிக்காமல் சொன்னார்.)

ஆல்ட்டர் மார்க்ட் ஸ்டேஷன் தாண்டியதும் கீழே ஆற்றைக் காட்டினார். இங்கேதான் யானை குதித்தது.

என் ஜெர்மனில்தான் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. 1950 ஜூலை 21, சர்க்கஸ் விளம்பரத்துக்காக டுஃபி என்ற நாலு வயது யானைக்குட்டியை இந்த ரயிலில் ஏற்றியிருக்கிறார்கள். நிருபர்கள், போட்டோகாரர்கள், கூட்டம், ஆட்டம். மிரண்ட குட்டி பெட்டியின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு பத்து மீட்டருக்கும் மேல் கீழே இருந்த ஆற்றில் விழுந்தது. பின்பக்கம் சிராய்ப்பு, அவ்வளவுதான். அது 1989 வரை இருந்தது. பெட்டி நிறைய போட்டோகாரர்கள் இருந்தும் விழுகிற நொடியை ஒருவரும் எடுக்கவில்லை. இன்றைக்குக் கடைகளில் விற்கிற அஞ்சலட்டைப் படம் ஒட்டுவேலை. "இந்த ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார்கள். அத்தனை பேரும் கரையில் நின்றிருந்தால் யானை விழ இடம் இருந்திருக்காது. எனக்கு அன்றைக்கு அம்மை. பார்க்காத ஒரே ஆள் நான்தான்" என்றார்.

அப்புறம், ஆற்றையே பார்த்துக்கொண்டு, சர்வ சாதாரணமாக ஒன்று சொன்னார். பள்ளிக்கூடம் போகிற வழியில் பாலத்தில் நின்று இன்றைக்கு ஆறு என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவார்களாம். ஒருநாள் நீலம், ஒருநாள் கருஞ்சிவப்பு, சில நாள் இந்தக் கரை ஒரு நிறம் அந்தக் கரை ஒரு நிறம். அப்பாவின் பட்டறையில் அன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்று தெரிந்திருந்ததால் பாட்டிதான் பெரும்பாலும் ஜெயிப்பாராம்.

நான் பேசவில்லை. பேச வரவில்லை என்பதுதான் சரி. எங்கள் ஸ்கூல் வேன் நொய்யல் பாலத்தில் ஏறும்போது பின்சீட்டுப் பசங்கள் போடுகிற கூச்சல் அது. "டேய், ஆத்துக்கு இன்னைக்கு என்ன கலரு?" வேன் டிரைவர் அண்ணன்கூடச் சேர்ந்துகொள்வார். பச்சை ஓடினால் கிறிஸ்துமஸ் ஆர்டர் என்பார். நுரை வேறு பனிமாதிரி மிதக்கும். அதே விளையாட்டை அறுபது வருஷம் முன்னால் வேறொரு பாலத்தில் ஒரு பெண்குழந்தை விளையாடியிருக்கிறது.

கீழே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தது, அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஒரு சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, மேலே போகிற ரயிலை ஒரு பொருட்டாகவே நினைக்காமல், மீனுக்குக் காத்திருந்தது.

ஹம்முக்கு அன்றைக்குப் போய்ச் சேரவில்லை. பாட்டி பேக்கரி ரசீதின் பின்பக்கம் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் அந்தத் தொங்கும் ரயிலில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக மூன்று தடவை போய்வந்தேன்.

அப்பா கேட்டது

இரவு வீட்டுக்கு போன் போட்டேன். அம்மாவுக்கு யானைக் கதைதான் பிடித்தது. "பாவம், அடி படலீல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு தெளிவாக இருக்கிறது, நாரை நிற்கிறது, கல் தெரிகிறது என்று நான் அளந்துகொண்டே போனேன். கடைசியில் அவர் ஒன்று கேட்டார்.

"அந்த ஊர்ல சாயப்பட்டறைல இருந்தவங்கல்லாம் இப்ப என்ன பண்றாங்களாம் கண்ணு?"

தெரியலீங்ப்பா என்றேன். சரி, சாப்பிட்டுப் படு என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னோடு வந்துகொண்டே இருந்தது.

அப்பா டையிங் மாஸ்டர். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் துணியை வெளிச்சத்தில் பிடித்து "இன்னும் ஒரு புள்ளி மஞ்ச வேணும்" என்று சொல்லிவிடுவார். எனக்கு நினைவு தெரிந்து அவர் நகம் வெள்ளையாக இருந்ததில்லை. நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் தங்கியிருக்கும், கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் கை மட்டும் தனியாகத் தெரியும். 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம், கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகாது என்ற ஏற்பாடு வரும்வரை திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நான் அப்போது பதினொன்றாவது. முதலில் ஏதோ லீவு மாதிரி இருந்தது. அப்பா காலையில் எழுந்து, டிபன் பாக்ஸ் இல்லாமல், எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வருவார். பிறகு மாமாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போனார். சில மாதத்தில் அவருடைய நகம் வெளுத்துவிட்டது. ஒருநாள் சோறு போடும்போது அம்மா அதைக் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

அதே மாதங்களில்தான் நொய்யலில் கலர் நின்றது. சொன்னால் அடிப்பீர்கள், எனக்கு உள்ளூர சந்தோஷம். வேன் பாலத்தில் ஏறும்போது சாக்கடைத் தண்ணீர் வெறும் சாக்கடைத் தண்ணீராக ஓடுவதைப் பார்ப்பதே புதுசாக இருந்தது. வீட்டில் கரண்டு பில் கட்டக் காசில்லை, எனக்கு ஆறு பிடித்திருந்தது. இதை யாரிடம் சொல்ல?

ஒரு கொடுமை என்னவென்றால், ஜவுளி படிக்கிறவனுக்கு வுப்பர்டாலைத் தோண்டத் தோண்ட சொந்த ஊர்க் கதைதான் வருகிறது. நூல் வெளுக்கும் தனியுரிமை இந்தப் பள்ளத்தாக்குக்கு 1527-லேயே கிடைத்திருக்கிறது. பிறகு சாயம். பார்மனில் பிறந்த ஏங்கெல்ஸ் (கார்ல் மார்க்ஸின் தோழர்தான்), ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை, 1839-ல் 18 வயதில் பெயர் போடாமல் ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியபோது இந்த ஆற்றிலிருந்துதான் தொடங்கினார். ஆறு சிவப்பாக ஓடுவதற்குக் காரணம் ஏதோ போர்க்களத்து ரத்தம் இல்லை, துருக்கிச் சிவப்புச் சாயப்பட்டறைகள் என்று நக்கலாக எழுதியிருக்கிறார். சீனா 2014-ல் அன்பளிப்பாகத் தந்த நாலு மீட்டர் ஏங்கெல்ஸ் வெண்கலச் சிலை பார்மனில் நிற்கிறது. பாட்டிக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. "பையன் ஆற்றைப் பற்றி எழுதியது சரி, அவன் வீட்டு ஆலைத் தண்ணீரும் அதிலேதானே போனது" என்றார்.

துருக்கிச் சிவப்பு என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மஞ்சிட்டி இனத்து வேர், எண்ணெய், சாணம், படிகாரம் என்று நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயப்போட்டு, மறுபடி ஊறப்போடுவது. நம் பக்கம் சோழமண்டலக் கடற்கரை மணலில் தோண்டிய சாயவேரும் அதே குடும்பத்துச் சிவப்பைத்தான் தந்தது. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற பொருள் அலிசரின். 1860-களின் கடைசியில் இரண்டு ஜெர்மன் ரசாயனக்காரர்கள், கிராபேயும் லீபர்மானும், அதை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேர் தோண்டியவர்கள் பிழைப்பு உலகம் முழுக்கப் போனது, நம்மூர்ச் சாயவேர்க்காரர்கள் உட்பட. அலிசரினைச் செய்து விற்ற கம்பெனிகளில் ஒன்று இதே பள்ளத்தாக்கில் 1863-ல், ஒரு சாய வியாபாரியும் ஒரு சாயப்பட்டறைக்காரரும் அடுப்படியில் சோதனை செய்து ஆரம்பித்த பேயர். ஆஸ்பிரின் போடுகிறபோது யாருக்கும் சாயப்பட்டறை ஞாபகம் வருவதில்லை.

சொட்டும் மின்னா

செப்டம்பரில் பாட்டி வீட்டுக்குப் போனேன். எல்பர்ஃபெல்ட் பக்கம் ஓல்பெர்க் மேட்டில் வீடு. "எண்ணெய் மலை" என்று அர்த்தம். ஊரெல்லாம் கரண்டு வந்த பிறகும் தொழிலாளிகள் குடியிருந்த இந்த மேட்டில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்ததால் அந்தப் பேராம். அங்கே போகப் படி, படி, படி. தெருவே திடீரென்று படிக்கட்டாகிவிடும். ஒரு படிக்கட்டுக்கு டிப்பன்-டாப்பன்-டோன்ஷன் என்று பேர், மரச்செருப்புக் கால்கள் இறங்குகிற சத்தம் அப்படியே பெயராகிவிட்டது. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், விடிகாலையில் ஆலைக்கு இறங்குகிற கூட்டம் காதில் கேட்கும். எங்கள் ஊர் பனியன் கம்பெனி சங்கு மாதிரி.

மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். அந்த வட்டாரத்து விசேஷக் காபி விருந்து. திராட்சை போட்ட ரொட்டி, வெண்ணெய், தேன், இதய வடிவ வாஃபிள், அதன் மேலே சூடான செர்ரிப்பழம். பிறகு ஒரு கிண்ணத்தில், நான் எதிர்பார்க்கவே இல்லை, பாலில் குழைய வேகவைத்த அரிசி. மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். பால்பாயசத்தை ஆறவிட்டு இறுகவிட்டால் வருமே, அது. அதை வாஃபிள் மேல் தடவிச் சாப்பிட வேண்டும். நான் தடவாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டதைப் பாட்டி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். நடுவில் மூன்று காலில் நின்ற ஈயக் கூஜா, அடியில் குழாய். "ட்ரொப்பல்மின்னா", சொட்டும் மின்னா என்று அர்த்தம். உள்ளே காபித்தூள் குழாயை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு கப் நிரம்புவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். அதற்காகத்தான் அதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் போல.

அந்தச் சொட்டுகளுக்கு நடுவில் அப்பாவின் கேள்வியைக் கேட்டேன்.

"எல்லாம் வுப்பரைத் தாண்டிப் போய்விட்டது" என்றார். நான் ஜன்னலைப் பார்த்து, அந்தக் கரையில் எங்கே என்று கேட்டேன். பாட்டி இருமும்வரை சிரித்தார். வுப்பரைத் தாண்டுவது என்றால் சாவது, திவாலாவது. ஜெர்மனி முழுக்க வழங்குகிற சொல்வழக்காம்.

பிறகு சொன்னார். அவருடைய அப்பாவின் பட்டறை அறுபதுகளில் மூடியது. அப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி கேட்டில் காவலுக்குப் போனார். அண்ணன் லெவர்குசனில் ரசாயனக் கம்பெனி வேலைக்குப் போனார். ரிப்பன் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. ஆலைக் கட்டடங்கள் வீடாயின, நடன அரங்கமாயின, சில இடிந்தன. சரி, ஆறு எப்போது தெளிந்தது? அவர் யோசித்தார். யாருக்கும் தெரியாது என்றார். ஒருநாள் பாலத்தில் போகும்போது பார்த்தால் வாத்து இருந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று தெரியவில்லை. அப்பாவிடம் வந்து சொன்னபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "அப்படியா, நல்லது" என்றாராம்.

கூஜாக் குழாயை ஒரு ஊசியால் குத்திவிட்டுக்கொண்டே பாட்டி மெதுவாகச் சேர்த்தார்: "வெளியே சொல்ல வெட்கம். எனக்கு அந்தச் சிவப்பு தேடுகிறது."

நான் அன்றைக்கு என் நொய்யல் சந்தோஷத்தை அவரிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டதையும். இரண்டு பேருமே தப்பான பக்கத்தில் நின்று தப்பான விஷயத்துக்கு ஏங்கியவர்கள். அதனாலோ என்னவோ, அந்தச் சாயங்காலம் ரொம்ப லேசாக இருந்தது.

ஊரில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது, இரண்டு பக்கத்தின் மேலேயும். "ஜெர்மனிக்காரன் ஆத்தை எப்படி வெச்சிருக்கான் பாரு" என்று போட்டோ அனுப்புகிறவர்கள், ஏங்கெல்ஸ் எழுதிய பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஆறு கலர்கலராக ஓடியதையும், அது தெளிந்தபோது சாயம்போடும் வேலையே ஊரைவிட்டுக் கிளம்பியிருந்ததையும் சொல்வதில்லை. கிளம்பிய வேலை காற்றில் கரைந்துவிடவில்லை. அதில் ஒரு பங்கு எங்கள் காசிபாளையத்துக்குத்தான் வந்தது. வுப்பர்டால் கடையில் தொங்குகிற டீ-சர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் எந்த ஊர்த் தையல் என்று எனக்கு லேபிள் இல்லாமலே தெரியும். இன்னொரு பக்கம், "அவன் நூறு வருஷம் நாசம் பண்ணினான், இப்ப நம்ம முறை" என்கிற முதலாளி நியாயம். அதைக் கேட்டால், நொய்யலில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை வயலுக்கு வேண்டவே வேண்டாம் என்று சொன்ன விவசாயிகள் முகம்தான் ஞாபகம் வரும். அவர்கள் எந்த முறையில் வருகிறார்கள்? வுப்பர் கரை ஊர்க்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்: 1930-லேயே ஊர்கள், ஆலைகள் என்று ஆற்றைப் பயன்படுத்துகிற எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்த்து, ஆறு முழுக்க ஒரே கணக்காகப் பார்த்தார்கள். வுப்பர்ஃபெர்பாண்ட் என்று இன்றைக்கும் இருக்கிறது. அப்படி இருந்தும் வாத்து வர அத்தனை காலம் ஆனது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பா இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிற பட்டறையில் இருக்கிறார். நகம் மறுபடி நிறமாகிவிட்டது. தண்ணீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சுகிற உப்பை எங்கே கொட்டுவது என்பதுதான் அங்கே புதுக் கவலை, மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது.

ரிப்பன்

2018 நவம்பரில் ஷ்வேபபானுக்கு மின்சாரம் தருகிற தண்டவாளம் நூற்றுக்கணக்கான மீட்டர் கழன்று விழுந்து, வண்டி எட்டரை மாதம் ஓடவில்லை. ஊர் சாதாரண ஊராகிவிட்டது. மாற்று பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு பாட்டியைப் பார்க்கப் போவேன். மேலே வெறும் இரும்புச் சட்டங்கள், கீழே ஆறு. 1999-ல் இரவு வேலைக்காரர்கள் கழற்ற மறந்த ஒரு இரும்புப் பிடியில் மோதி வண்டி ஆற்றில் விழுந்து ஐந்து பேர் செத்துப்போனதைப் பற்றிப் பாட்டி அப்போதுதான் பேசினார். அதுவரை யானைக் கதையை மட்டும்தான் சொல்லியிருந்தார்.

2019 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் மாதக் கடைசியில் ஊர் திரும்ப வேண்டும். விடைபெறப் போனேன். முழங்கால் வலியோடு பாட்டி படியெல்லாம் இறங்கி வந்தார், கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனோம். அரைமணி நேரம். பழைய ஆரஞ்சு வண்டிகள் போய், வானநீல வண்டிகள் மட்டும்தான் இப்போது. பாட்டிக்குப் புது சீட் பிடிக்கவில்லை. யானை விழுந்த இடம் வந்தபோது இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம், பழக்கதோஷம். அடுத்த வருஷம் அங்கே ஆற்றுக்குள் கல்லில் ஒரு யானை செய்து வைத்துவிட்டார்கள், படத்தில்தான் பார்த்தேன். இறங்கும்போது துணிப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கையில் வைத்தார். அதில் சுற்றிய சிவப்பு ரிப்பன், இரண்டு விரல் அகலம், ஓரத்தில் பொடிப் பற்கள் மாதிரி நெசவு. அவர் வேலை செய்த கடைசி வருஷத்துச் சரக்கு. "உன் அப்பாவுக்கு" என்றார்.

திருப்பூரில் பெட்டி பிரித்ததும் அப்பா முதலில் எடுத்தது அதைத்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ரிப்பனில் அழுத்தித் தேய்த்து, அந்த விரலைத் தன் வெள்ளை வேட்டி மடிப்பில் ஒற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, இன்னும் அழுத்தி. ஒன்றும் இல்லை.

"கெட்டிச் சாயம்" என்றார். "அந்த ஆத்தா நல்லாருக்கட்டும்."

மறுநாள் காலையில் ரிப்பனைக் காணோம். தேடினால் பூஜை அலமாரியில், காமாட்சி படத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஜெர்மனிக் கோவிலில் கொடுத்த கயிறு என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் திருத்தவில்லை.